கால் வழியாக வந்தது

அப்பா இறந்ததற்கு எங்கள் வீட்டில் சொல்லப்படும் காரணத்தைப் பல வருஷமாக நான் சந்தேகித்துக்கொண்டு இருக்கிறேன். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பாதவன் என்றைக்காவது எழுந்து நின்று அதைச் சொல்லியிருப்பான். சந்தேகம் வேறு, அது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பது, எழுந்திருக்கவும் மாட்டேன், சாய்ந்துகொள்ளவும் மாட்டேன் என்று. இப்போது தில்லைநகரில் இந்த லேபின் இரும்பு நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான், சாய்ந்தால் முதுகில் வந்திருக்கிற கொப்புளங்கள் உடைந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சொல்லப்படும் காரணம் இதுதான்: மரகதம் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி, ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள், அதில் மருந்து வைத்திருந்தாள், அப்பா அதைச் சாப்பிட்டார், அதற்கப்புறம் வயிறு வீங்கி, மூச்சு முட்டி, ரத்தமாகத் துப்பி, ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மருந்து என்றால் எலிக்கு வைக்கிற விஷம் இல்லை, இடுமருந்து, வேண்டாதவர்கள் சோற்றில் கலந்து கொடுத்து ஆளை உள்ளுக்குள் உருக்குவது. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நானும் சிரித்ததில்லை. பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு எந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவன், ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பதே தொழில், ஆனால் இந்தக் கோட்டை மட்டும் அக்கா போட்டுக் கொடுத்தபடியே விட்டுவைத்தேன். அப்பா போனபோது எனக்கு ஏழு வயசு, அக்காவுக்குப் பதினேழு. அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை, இப்போது அம்மாவும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னது.

அக்கா பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். சௌந்தரம், அறுபதைத் தாண்டியவள், மடியில் டிபன் பை, காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் குளிர்ச்சிக்கு வைத்துக்கொண்டு. என் மனைவிக்குப் பரீட்சை டூட்டி, லீவு கிடைக்கவில்லை என்றதும் கேட்காமலே குளித்தலையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கவுண்டரில் இருக்கிற பெண் சத்தமாகக் கூப்பிடுகிறாள், “மோஷன் குடுத்தவங்க யாரு, குணசீலனா, பாட்டில்ல பேர் எழுதல சார், வந்து எழுதுங்க.” கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றியது, உண்மையில் யாரும் பார்க்கவில்லை, எல்லோர் கையிலும் அவரவர் பாட்டில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய் எழுதிவிட்டு வந்தேன். “ஏன்டா இப்படிக் குனிஞ்சுக்கிட்டு போற, பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் போன” என்றாள் அக்கா. “சும்மா இருக்கா.” “நான் சும்மாதான் இருக்கேன். நீதான் அதையே மூணு தடவை கொண்டாந்து குடுத்துக்கிட்டு இருக்க. ஒரு தடவை பாத்தா தெரியாதா இவங்களுக்கு?” ஒரு தடவை பார்த்தால் தெரியாது. அதுதான் விஷயம். முதல் தடவை ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டாவது தடவையும் இல்லை. டாக்டர் சந்தேகப்படுகிற குடல்புழு தினமும் வெளியே வராதாம், வந்தாலும் கொஞ்சமாகத்தான் வருமாம், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கரைத்துப் பார்க்கும்போது அந்தச் சொட்டில் அது இல்லாமல் இருக்கலாம். ஆகவே திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டும், தண்ணீரோ சிறுநீரோ படாமல், ஃபிரிட்ஜில் வைக்காமல், சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து. இல்லை என்பதற்கு அர்த்தம் இல்லை என்பது இல்லை, கிடைக்கவில்லை என்பது. இதை அந்தக் கவுண்டர் பெண் எத்தனை சாதாரணமாகச் சொன்னாள். நான் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அதையே மென்றுகொண்டு இருந்தேன்.

எதிர்ச்சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு எங்கே பார்த்தாலும் யாருடைய கண்ணையாவது சந்திக்கவேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை, ஒரு மரம், மரத்தடியில் மலம், அங்கிருந்து ஓர் அம்பு மண்ணுக்கு, மண்ணிலிருந்து ஓர் அம்பு கைக்கு, கை வாய்க்கு, வாய் வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து மறுபடி மரத்தடிக்கு. இது உருண்டைப் புழு, முட்டையாக வாய் வழி போவது, கழுவாத கை, கழுவாத கீரை. அதற்குக் கீழே இன்னொரு வட்டம், அதில் கை இல்லை, வாய் இல்லை, ஒரு வெறுங்கால் மட்டும். பாதத்தில் அம்பு நேராகக் குத்தி நிற்கிறது, யாரோ குறிபார்த்து எறிந்ததுபோல. ஈரமண்ணில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு காத்திருக்கும், கால்விரல் இடுக்கு கிடைத்ததும் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், ரத்தத்தில் ஏறி நுரையீரல், அங்கிருந்து தொண்டைக்கு, இருமும்போது நாமே அதை விழுங்கிக் குடலுக்கு அனுப்பிவைப்போம். எத்தனை சுற்று. வயிற்றுக்குப் போகிற ஒன்று கால் வழியாகக் கிளம்பவேண்டுமா? இந்தப் படத்தை முதல்நாள் பார்த்தபோது எனக்கு ஏனோ கோபம் வந்தது. வயிற்றுக்குள் போவது வாய் வழியாகப் போகவேண்டும், வாய்க்கு வருவது ஒரு கையிலிருந்து வரவேண்டும், கைக்கு ஒரு முகம் இருக்கவேண்டும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தேடினோம். வயிறு கெட்டால் எங்கே சாப்பிட்டாய், யார் கொடுத்தது என்றுதான் கேட்பார்கள். எங்கே நடந்தாய் என்று யாராவது கேட்பார்களா?

அதைக் கேட்ட ஒரே ஆள் தோல் டாக்டர் ஹமீதா. என்னைவிட இருபது வயசாவது சின்னவர். வாயிலும் முதுகிலும் வந்த கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, இது உடம்பு தன் தோலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி, ஸ்டீராய்டு அதிக அளவில் கொடுத்தால்தான் அடங்கும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி மருந்துச் சீட்டை எடுத்தவர், தொடையின் பின்பக்கம் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டார். “இது எவ்வளவு நாளா இருக்கு?” “அதுவா, சின்ன வயசுலேர்ந்தே வரும் மேடம். அரிக்கும். போயிடும்.” “நகருமா?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரிடமும் நான் சொன்னதில்லை, காலையில் பார்த்த இடத்தில் அது சாயங்காலம் இருக்காது என்று. “சின்ன வயசுல வெறுங்கால்ல நடப்பீங்களா, ஈரமான இடத்துல?” ரத்தத்தில் ஏதோ ஒரு அணு அளவுக்கு மீறி இருக்கிறது, புழு இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, மலத்தைப் பரிசோதிக்காமல் ஸ்டீராய்டு ஆரம்பிக்கமாட்டேன் என்றார். மற்றப் புழுவெல்லாம் வயசாகிச் செத்துப்போகும், இது ஒன்று மட்டும் உள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு வெளியே போகாமல் குடல் வழியாகத் திரும்ப நம் உடம்புக்குள்ளேயே நுழைந்துகொள்ளும், வெளியில் மண்ணே தேவையில்லை, நாற்பது ஐம்பது வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். “ஸ்டீராய்டு குடுத்தா உடம்புல காவல் இறங்கிடும் சார். அப்ப அது தாறுமாறா பெருகும். குடல்ல இருக்கற கிருமியையும் தூக்கிக்கிட்டு நுரையீரல், மூளைன்னு போகும்.” “போனா?” “வயிறு வீங்கும். மூச்சு வாங்கும். இருமினா ரத்தம் வரும். காப்பாத்தறது கஷ்டம். அதனாலதான் முதல்லயே பாத்துடலாம்னு.” அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் வயிறு வீங்கும், மூச்சு வாங்கும், ரத்தம் வரும் என்பதோடு நின்றுவிட்டேன். அதை நான் வேறொரு குரலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதே வரிசையில்.

ஈரமான இடம். எங்களுக்கு இருந்தது கொடிக்கால், வெற்றிலைத் தோட்டம், காவிரிக்கரையில். உள்ளே அகத்தி மரங்கள் நெருக்கமாக நிற்கும், கொடி அதில் ஏறியிருக்கும், நடுப்பகலிலும் வெயில் தரையைத் தொடாது, வரப்புக்கு வரப்பு வாய்க்கால், மண் எப்போதும் நசநசவென்று இருக்கும். வெற்றிலை லட்சுமி, ஆகவே செருப்போடு உள்ளே போகக்கூடாது, படலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வெளியூரிலிருந்து வந்த வியாபாரிகூடத் தோல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூசிக்கூசி நடந்து வருவான். அப்பா வெளியிலும் செருப்புப் போடமாட்டார், எதற்குப் போட்டுப் போட்டுக் கழற்றவேண்டும் என்று. நானும் அவர் பின்னாலேயே திரிவேன், கணுக்கால்வரை சேறு, விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. செருப்பு தீட்டு. ஆனால் கொடிக்காலின் பின்கரையில் உட்கார்ந்து எழுந்துவிட்டு, வாய்க்காலில் கால் அலம்பிக்கொண்டு உள்ளே வருவது தீட்டில்லை. வேலைக்கு வந்தவர்கள் போனார்கள், நாங்கள் போனோம், மழை பெய்தால் அந்தக் கரை கரைந்து வாய்க்காலோடு உள்ளே வந்தது. யார் என்ன செய்திருக்க முடியும், அந்த ஊரில் எந்த வீட்டில் கக்கூஸ் இருந்தது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லாமல் ஒன்றை நினைத்துப் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, மனசு ஒவ்வொரு வரப்பாகப் போய் ஒரு ஆளைத் தேடுகிறது, அங்கே சேறுதான் இருக்கிறது. அப்பாவின் இடுப்பிலும் அந்தக் கோடு வரும். அது எனக்கு நினைவிருக்கிறதா, அல்லது டாக்டர் கேட்ட பிறகு நானாக வரைந்துகொண்டேனா? வேட்டியை இறக்கிவிட்டு அம்மாவிடம் முதுகைக் காட்டி நிற்கிறார், பூரான் ஊர்ந்திருக்கிறது பார் என்கிறார், அம்மா விபூதியைத் தடவுகிறாள். இருக்கிறது. நிச்சயமாக இருக்கிறது. நிச்சயம் என்று சொல்லிக்கொள்ளும்போதே அம்மாவின் முகம் அதில் இல்லை என்று தெரிகிறது.

“அக்கா, அப்பாவுக்கு இடுப்புல பூரான் ஊர்ந்த மாதிரி ஒரு தடம் வருமே, ஞாபகம் இருக்கா?” “வரும். கொடிக்கால்ல கெடந்தா பூரான் ஊராம மயிலா ஆடும்? இப்ப எதுக்கு அது?” “சும்மாதான்.” “நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே.” அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள், நான் சுவர்ப்படத்தைப் பார்த்தேன். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள், இது அவளுக்கு மனப்பாடம், எங்கே தொட்டாலும் அங்கிருந்து ஓடத் தொடங்கிவிடும். “மூச்சிழுப்பு வந்து கெடந்தவருதானேடா. டவுன் டாக்டர் மாத்திரை குடுத்தாரு, ஒரே மாசத்துல எப்படித் தேறி வந்தாரு தெரியுமா. கன்னமெல்லாம் உப்பி, முகம் பௌர்ணமி நிலா மாதிரி. நாலு வாய் சோறு கூடச் சாப்பிட்டாரு. பாத்தவங்கல்லாம் என்ன அண்ணே மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்கன்னு கேப்பாங்க. அது பொறுக்கல அவளுக்கு. சித்தப்பா குடிச்சுக் குடிச்சுக் குச்சியா கெடந்தாரு, இங்க இவரு இப்படி. அதான் குழம்ப எடுத்துக்கிட்டு வந்தா.” முகம் பௌர்ணமி நிலா மாதிரி. இதைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன், அப்பாவின் கடைசி அழகு என்று அதை மனசில் வைத்திருந்தேன். டாக்டர் ஹமீதா கொடுத்த தாளில் பக்க விளைவுகள் என்று போட்டு முதலாவதாக எழுதியிருக்கிறது, முகம் வட்டமாக உப்பும், பசி அதிகமாகும். அந்தத் தாள் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்து அக்காவிடம் நீட்டலாம். நீட்டி? பார், அப்பா தேறவில்லை, அது ஸ்டீராய்டு, சித்திக்குப் பொறாமைப்பட அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லவா? சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்றும் தெரியும். நீ பெரிய டாக்டர். அல்லது ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து தண்ணீர் குடிப்பாள். அவளுடைய மௌனம் எனக்கு எப்போதும் பயம், அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள், கொடிக்காலை விற்றபின் பீடி சுற்றி என்னைப் படிக்கவைத்தவள்.

சித்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். இதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. செத்துப்போயிருந்தால் ஒரு பழைய கதை என்று விட்டிருப்பேன், விட்டிருப்பேனா, ஆமாம், விட்டிருப்பேன். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இடுமருந்தை உறிஞ்சி எடுக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அப்பாவின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சிக் கறுப்பாக ஏதோ உருண்டையைத் தட்டில் துப்பினார். அதை நான் வாசலில் நின்று பார்த்தேன், அந்தக் கறுப்பு நினைவிருக்கிறது, மற்றதெல்லாம் அக்கா சொன்னது: சொந்தத்தில் ஒரு பெண், கைக்கெட்டும் தூரத்துக் கை, மீன் வாசம் அடிக்கிறது என்று அவர் சொன்னாராம். அவ்வளவு போதும். சித்தப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார், அவளுக்குப் பிள்ளையும் இல்லை. கோவில் பொங்கலுக்கு அவளை அரிசி களையவிடமாட்டார்கள். அவள் தெருவில் வந்தால் பெண்கள் குழந்தை கையில் இருக்கும் தின்பண்டத்தை முந்தானையால் மூடுவார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, பேசாமல்கூட இல்லை. அவள் கையிலிருந்து ஒன்றும் வாங்கவில்லை, அவ்வளவுதான். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சீண்டுவாரில்லாமல் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் தாம்பூலத் தட்டை என் பக்கம் தள்ளப்போனவள், பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள், நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால். “நல்லாருக்கியா குணா, நீயே எடுத்துக்கப்பா” என்றாள். நாற்பது சொச்சம் வருஷத்தில் கை அப்படிப் பழகிவிட்டிருக்கிறது. நான் ஒரு வெற்றிலையை எடுத்தேன். தின்றேனா? சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

ஆகவே அந்தப் புழு எனக்கு வேண்டும். இதை எனக்குள்ளேயே சொல்லிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் இருக்கவேண்டும், இருக்கவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் அப்பாவிடமும் இருந்திருக்கும், ஒரே சேறு, ஒரே வாய்க்கால், ஒரே கோடு. அப்பாவிடம் இருந்திருந்தால் அந்த மாத்திரைதான் அதைக் கிளப்பிவிட்டது, கொடுத்த டாக்டருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அப்படியானால் சித்தி ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்தாள், அவ்வளவுதான், உடம்பு சரியில்லாத கணவனின் அண்ணனுக்கு. சரி, சித்திக்காகத்தான் வேண்டுமா? அவளுக்காக இத்தனை வருஷத்தில் ஒரு பஸ் ஏறிப் போயிருக்கிறேனா? அல்லது அக்காவை ஒரு தடவையாவது ஜெயிக்கவேண்டும் என்றா? அல்லது, இது இன்னும் கேவலம், ஸ்டீராய்டுக்குப் பயந்து தள்ளிப்போட ஒரு காரணம் கிடைக்கும் என்றா? தள்ளிப்போட்டால் கொப்புளம் உடம்பெல்லாம் பரவும், தோல் உரிந்தால் அதுவே ஆளைக் கொல்லும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ஆபத்து, இல்லை என்று தவறாகச் சொல்லிவிட்டாலும் ஆபத்து. ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூன்றாவது தடவையும் சொன்னால் டாக்டர் சீட்டு எழுதிவிடுவாரா? நான் வாங்கி விழுங்குவேனா, பௌர்ணமி நிலா மாதிரி உப்புவேனா, அக்கா பார்த்துத் தேறிவிட்டான் என்பாளா? மூச்சு சற்று வேகமாக வருவதுபோல் இருந்தது. இது பயம்தான், வேறொன்றும் இல்லை, நுரையீரலில் ஒன்றும் ஊரவில்லை. தொடை அரித்தது. கை தானாகப் போய்விடாமல் இரண்டு கைகளையும் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். “மூத்திரம் வருதா?” என்றாள் அக்கா. “இல்லக்கா.” “அப்புறம் ஏன் நெளியற? இந்தா, ரெண்டு இட்லி தின்னு, காலையில வெறும் வயித்தோட வந்துட்ட.” டப்பாவைத் திறந்து மிளகாய்ப்பொடி தடவாத இட்லியாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள், வாய்ப் புண்ணுக்கு எரியுமே என்று எண்ணெய் மட்டும் விட்டிருந்தாள். விண்டு வாயில் வைத்தேன். அதுவும் எரிந்தது. டப்பாவை அவள் மடியில் வைத்தபோது கவுண்டர் பெண் கூப்பிட்டாள். “குணசீலன் சார், டாக்டர் உள்ள வரச்சொல்றாங்க.”

லேப் டாக்டர் ஐம்பதை நெருங்கும் அம்மாள், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்ததும், “கிடைச்சுடுச்சு சார்” என்றார், தொலைந்த சாவி கிடைத்த மாதிரி. மேஜையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடித் தட்டு, அதில் கெட்டிப்பட்ட பாகு போன்ற ஏதோ, நடுவில் என்னுடையது ஒரு பொட்டு. போன தடவை கொடுத்ததை இந்தப் பாகின் மேல் வைத்து இரண்டு நாள் விட்டிருந்தார்களாம். புழு உயிரோடு இருந்தால் பொட்டிலிருந்து வெளியே ஊர்ந்து போகும், போகிற வழியெல்லாம் தன் உடம்பில் ஒட்டியிருக்கிற கிருமியைச் சிந்திக்கொண்டு போகும், அந்தக் கிருமி வளர்ந்து தடமாகத் தெரியும். “சாய்ச்சுப் பாருங்க, வெளிச்சத்துல.” பார்த்தேன். பொட்டிலிருந்து கிளம்பி வளைந்து, திரும்பி, தன்னையே குறுக்கே வெட்டி, விளிம்புவரை போய் மோதித் திரும்பி வந்த கோடுகள். முப்பது வருஷமாகக் கோடு பார்த்தவன், இப்படி எங்கேயும் போகாமல் எல்லா இடத்துக்கும் போன கோட்டைப் பார்த்ததில்லை. “உயிரோட பாக்கறீங்களா? சில பேருக்குப் பிடிக்காது.” குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணாடி நூல்போல ஒன்று, சவுக்கு சுழற்றுவதுபோல் உடம்பைச் சுழற்றிக்கொண்டு, ஒரு கணம் நிற்காமல். அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இத்தனை வருஷம் என்னோடு சாப்பிட்டிருக்கிறது. “மாத்திரை இருக்கு சார், இது போயிடும். திரும்ப டெஸ்ட் பண்ணிட்டு ஸ்டீராய்டு ஆரம்பிப்பாங்க. ஹமீதாகிட்ட நான் போன்ல பேசிடறேன். நல்லவேளை, முன்னாடியே பாத்தீங்க.” நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், இழுப்பு, மாத்திரை, முகம், வயிறு, ரத்தம், எல்லாம் தாறுமாறாக வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். “இருந்திருக்கலாம் சார். ஆனா அவரோட சாம்பிள் இல்லாம நான் ஆமான்னு சொல்ல முடியாது. உங்களோடத வச்சு உங்களப் பத்தித்தான் சொல்ல முடியும்.” நியாயம்தான். என் மலம் எனக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். வேண்டியது கிடைத்தும் கை காலியாக இருப்பதுபோல் இருந்தது. அப்பாவைப் பற்றிச் சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள், அவள் வெளியே இரும்பு நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே வந்தேன். கூடத்தின் குறுக்கே நடக்கும்போது என்ன கேட்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மருந்து எடுத்தவர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்கலாம். மீன் வாசம் என்று அவராகச் சொன்னாரா, நீ எதிரே நின்று ஏதாவது சொன்ன பிறகு சொன்னாரா என்று கேட்கலாம். அது குறுக்கு விசாரணை, அவள் பதினேழு வயசுப் பெண், அப்பா கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறார், அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும், எனக்கு இப்போது தேவைப்படுவதுபோல. பேசாமல் விட்டுவிடலாம். வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் தனியாகச் சித்தியைப் போய்ப் பார்க்கலாம். போய்? ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். அக்காவுக்குத் தெரியாமலா? தெரியாமல் குடிக்கிற தண்ணீரால் சித்திக்கு என்ன பிரயோஜனம். அக்கா குனிந்திருந்தாள். நான் கடித்துவிட்டு வைத்துப்போன இட்லியை எடுத்து, டப்பாவின் ஓரத்தில் தேங்கிய எண்ணெயை அதனால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள், பிறகு விரலால் அடியைத் துடைத்து அதையும். யோசிக்காமல் செய்தாள். எங்கள் வீட்டில் யாரும் வைத்த மிச்சம் தெருவுக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “என்னடா சொன்னாங்க? இருக்காமா?” “இருக்குக்கா.” “ஐயோ.” டப்பாவை மூடாமல் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள், அவள் கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. “எங்க சாப்பிட்டுத் தொலைச்ச? ஓட்டல்லயா?” “சாப்பிட்டு வரலக்கா. கால் வழியா வந்தது. கொடிக்கால்லேர்ந்து. அப்பாவுக்கும் இருந்திருக்கும்.” என் கையை அவள் விடவில்லை. கூடத்து டிவியில் யாரோ சத்தமில்லாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். “அப்ப அந்தக் குழம்பு?” என்று கேட்டாள், என்னிடம் இல்லை, எதிர்ச்சுவரிடம். நான் சாய்ந்துகொண்டேன். முதுகில் கொப்புளம் ஒன்று உடைந்து ஈரமாகச் சட்டையில் பரவியது.

“அக்கா, கிண்ணம் நிறைய கொண்டாந்தாங்கன்னு நீதான சொல்லுவ. அப்பா ரெண்டு கரண்டிதான் ஊத்திக்கிட்டாருன்னும் சொல்லுவ. மிச்சக் குழம்ப யாருக்கா சாப்பிட்டா?”